ஐந்து சொற்கள்

ஏணி, உப்பு, ஆணி, கம்பளி, பாலம்.

துரொம்சோ மருத்துவமனையின் ஐந்தாம் மாடியில்
மாலின் உனக்குச் சொன்ன சொற்கள், தூரிட்.
ஜன்னலுக்கு வெளியே
காலை பதினொரு மணிக்கும் சூரியன் வராத
நீல டிசம்பர்.
"ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன்."
மூலை நாற்காலியில்
உன் கோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்த என்னிடம்
யாரும் எதுவும் கேட்கவில்லை.
நான் ஏன் மனப்பாடம் செய்தேன்?

அன்று ஐந்தையும் சொன்னாய், வரிசை பிசகாமல்.
சொல்லிவிட்டு,
பூடோ கடல் வானொலியில்
இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவந்த அதே குரலில்
"செய்தி முடிந்தது" என்றாய்.
மாலின் சிரித்தாள். நானும்தான்.

மண்டையைத் திறந்தபிறகு உன்னை எழுப்பினார்களாம்.
படம் படமாகக் காட்டி
இது என்ன, இது என்ன.
சுத்தியல் என்றாய். பூனை என்றாய்.
குடைக்கு மட்டும்
"வடமேற்கு, விசை எட்டு" என்றாயாம்.
மருத்துவர் கையை அங்கிருந்து விலக்கி
ஒரு சின்னச் சீட்டை வைத்தாராம்,
இங்கே தொடக்கூடாது என்று.
உன் புயல்கள் குடியிருக்கும் இடத்துக்கு
எண் பதினான்கு.

கட்டியில் பெரும்பகுதி போய்விட்டது.
"நல்ல முடிவு" என்று கடிதம் வந்தது.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.
மார்ச்சில் ஒருநாள்
அதன் எதிரேதான் நின்றுகொண்டிருந்தாய்,
கையில் காபிப்பொடிக் கரண்டியோடு.
முதலில் தண்ணீரா, முதலில் பொடியா.
"எனக்குத் தெரியும், சொல்லாதே" என்றாய்.
சொல்லவில்லை.
ஒன்பதரைப் பேருந்து போயிற்று.
பத்து மணிப் பேருந்தும் போயிற்று.
மலைச்சாலையில் இரவெல்லாம் பனி தள்ளியிருக்கிறேன்,
அந்த அரைமணி நேரம் போல்
எந்த வேலையும் என்னை வியர்க்க வைத்ததில்லை.

உன் தம்பி ஓத்வார் வந்தால்
"அக்கா அப்படியேதான் இருக்கிறாள்" என்பான்.
முக்கால் மணி நேரம் இருப்பவனுக்கு
நீ அப்படியேதான்.
அவன் கார் வளைவு திரும்பும் முன்பே
சோபாவில் சரிந்து தூங்கிவிடுவாய்,
சரியான இடங்களில் சிரித்த களைப்பில்.

வேலைக்குக் கூப்பிட்டார்கள், மறுக்கவில்லை.
முன்பெல்லாம் இரண்டு படகுகள்
ஒரே நேரத்தில் அழைத்தாலும்
இதை இந்தக் காதிலும் அதை அந்தக் காதிலுமாகப்
பிரித்து எடுத்துவிடுவாய்.
இப்போது ஒன்றில் ஒன்று கரைந்து
வெறும் தண்ணீர்ச் சத்தம்.
ஹெட்போனைக் கழற்றி
ஒலி எழாமல் மேஜைமேல் வைத்தாயாம்.
எனக்கு இதைச் சொன்னது உன் மேலாளர்.
நீ என்னிடம் சொன்னது:
இன்று மதியம் மீன்சூப்பில் உப்பில்லை.

ஒரு வருடம் கழித்து
அதே அறை, அதே மாலின்,
தலைமுடியை மட்டும் குட்டையாக வெட்டியிருந்தாள்.
உப்பு, என்றாய். பாலம்.
நீண்ட நேரம் கழித்து, கடிதம்.
கடிதம் அந்தப் பட்டியலில் இல்லை.
மூலையில் என் உதடுகள் அசைந்திருக்க வேண்டும்.
நீ பார்த்துவிட்டாய்.

திரும்பும் விமானம் சிறியது, இரட்டை விசிறி.
அந்த இரைச்சலில் என் பக்கம் சாய்ந்து கேட்டாய்:
"அறுவைக்கு முந்தின இரவு
உன்னிடம் ஒன்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா?"

தேடினேன்.
அறை எண் கிடைத்தது, நானூற்றுப் பன்னிரண்டு.
திரைச்சீலையின் கடுகு நிறம் கிடைத்தது.
தாழ்வார இயந்திரத்தில் வாங்கிய
தண்ணீராய்ப் போன சாக்லேட் பானம்,
காதுக்கு மேல் மழித்த உன் தலையின் வெள்ளைத் தோல்,
எல்லாம் இருந்தன.
உன் வாய் அசைவதுகூடத் தெரிந்தது.
நீ சொன்னது இருக்கவேண்டிய இடத்தில்
ஏணி, உப்பு, ஆணி, கம்பளி, பாலம்
வரிசை பிசகாமல் நின்றுகொண்டிருந்தன.

"என்ன சொன்னாய்? சொல்லேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.
கீழே ஏதோ ஒரு படகின் ஒற்றை விளக்கு.

"மாட்டேன்" என்றாய். "பிறகு கேட்பேன்."